அத்தான் பெயரில்

அத்தான் இறந்து ஏழு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு பத்துக்கு, அவர் பெயர் சர்வருக்குள் வந்தது.

சின்னவள் அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். சர்வருக்குள் யார் நுழைகிறார்கள் என்று காட்டித் திரையில் ஓடிக்கொண்டிருந்த பதிவில் ஒரு வரி புதிதாக முளைத்தது. அத்தானின் லாகின் பெயர், நேரம், நுழைவு சரி. அடுத்த வரியில், இன்றைய தேதியும் நேரமும் என்னவென்று சர்வரைக் கேட்கும் சின்னக் கட்டளை. அதற்கடுத்து, மூன்றாம் மாடி பிரிண்டரை நிறுத்தித் திரும்ப ஓடவிடும் கட்டளை. பிறகு வெளியேறிவிட்டது. மொத்தம் நாற்பது விநாடி.

அவள் அந்த வரிகளை மேலிருந்து கீழே மறுபடி படித்தாள். யாரோ அவருடைய பாஸ்வேர்டைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்று புத்திக்கு எட்டாமல் இல்லை. ஆனால் அந்தத் தேதிக் கட்டளை? அத்தான் எந்த வேலையை ஆரம்பித்தாலும் முதலில் அதைத்தான் அடிப்பார். கடிகாரம் தப்பாக இருந்தால் மற்றதெல்லாம் தப்பு என்பது அவர் கட்சி. ஆறு வருஷம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அந்தத் தட்டலைக் கேட்டவள் அவள். வேறு யாரும் அப்படிச் செய்து அவள் பார்த்ததில்லை.

அது ஐந்து மாடி மருத்துவமனை. கணினி அறை தரைக்குக் கீழே, துணி துவைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ரத்தப் பரிசோதனை, மருந்து, எக்ஸ்ரே, நோயாளிகளின் பதிவு என்று எல்லாமே அந்த அறையிலிருந்த ஒரே சர்வரை நம்பி நடந்தன. அக்கா முதல் மாடியில் பதிவேட்டுப் பிரிவில் இருந்தாள். தங்கை கீழே. கட்டடம் முழுக்க அவர்களைப் பெரியவள், சின்னவள் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். அக்காவின் கணவர்தான் சர்வரின் அட்மின். சின்னவள் அவருக்கு உதவியாள். ஒரு விடியலில் நெஞ்சு வலிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்தவர், அதே கட்டடத்தின் நாலாம் மாடியில் மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார். அவர் நாற்காலி சின்னவளுக்கு வந்தது. நாற்காலி முதுகில் தொங்கிய சாம்பல் நிற ஸ்வெட்டரும் சேர்ந்தே வந்தது. ஏசி குளிருக்கு அவர் போட்டுக்கொள்வது. அதை எடுத்து அக்காவிடம் கொடுக்க மனசு வரவில்லை. போட்டுக்கொள்ளத் தைரியமும் வரவில்லை. சாய்ந்து உட்காராமலே வேலை பார்த்தாள்.

புதன்கிழமை அந்தப் பெயர் இரண்டு முறை வந்தது. வியாழன் நான்கு முறை. ஒருமுறை மருந்துப் பிரிவின் கோப்பு ஒன்றைத் திறந்து மூடியது. இன்னொரு முறை எக்ஸ்ரே படங்கள் எவ்வளவு இடம் பிடித்திருக்கின்றன என்று பார்த்தது. ஒவ்வொரு முறையும் முதல் தட்டல் தேதிதான். எந்த மாடியிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வழியில்லை. எல்லா மாடிகளின் இணைப்பும் ஒரே வாசல் வழியாக வந்ததால், பதிவில் அந்த வாசலின் முகவரி மட்டுமே விழும். வந்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதாவது தெரிந்ததற்குக் காரணம், பொறுப்புக்கு வந்த கையோடு கட்டளைகளைப் பதிய அவள் ஏற்பாடு செய்திருந்ததுதான். அத்தான் காலத்தில் அதுவும் கிடையாது.

அந்தக் கணக்கைப் பூட்ட ஒரு நிமிஷம் போதும். அவள் பூட்டவில்லை. பூட்டாமல் இருக்கக் காரணங்களை அடுக்கி வைத்திருந்தாள். தினமும் தானாக நகல் எடுக்கும் வேலை, பரிசோதனை முடிவுகளை வார்டுகளுக்கு அனுப்பும் வேலை எல்லாம் அத்தான் பெயரில்தான் ஓடின. பெயரைப் பூட்டினால் எது நின்றுபோகும் என்று யாருக்கும் தெரியாது. அப்புறம் அக்கா. மூவரும் ஒன்றாக இருந்த வீட்டில் அவருடைய பல் துலக்கும் பிரஷ்கூட இன்னும் இடம் மாறவில்லை. இரண்டுமே உண்மைதான். ஆனால் அவற்றுக்குப் பின்னால் இன்னொன்று இருந்தது. அதை அவள் ஒன்பது மாதமாக ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஒன்பது மாதம் முன்பு ஒரு திங்கட்கிழமை காலை, ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் அன்றைய முடிவுகள் முழுவதும் சர்வரிலிருந்து அழிந்துபோயின. நாற்பத்து மூன்று பேருடைய முடிவுகள். மீட்க நகல் இல்லை. காலையில் வந்த முடிவுகள், நகல் சாயங்காலம்தான். எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டு ரத்தம் எடுத்தார்கள். நாற்பத்திரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் வரவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. சீட்டில் இருந்த முகவரிக்கு ஆள் போனபோது வீடு பூட்டியிருந்தது. ஐம்பத்தாறு வயது ஆண் என்பதற்கு மேல் அவரைப் பற்றி எதுவும் தெரியவில்லை.

விசாரணை நடந்தது. ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் அத்தான் பெயர் ஏழு முறை உள்ளே வந்திருந்தது. அத்தான் எழுந்து நின்று, என் கைத்தவறுதான் என்று சொல்லி எழுதியும் கொடுத்துவிட்டார். அவருடைய பணிக் கோப்பில் சிவப்பு மையில் ஒரு பக்கம் ஏறியது.

அன்று காலை ஒன்பதரைக்கு அத்தான் அறையிலேயே இல்லை. போனில் கூப்பிட்டு, சர்வரில் இடம் நிரம்பிவிட்டது, என் பெயரில் போய்ப் பழைய கோப்புகளை அழித்துவிடு என்று சின்னவளிடம் சொல்லியிருந்தார். அவள் அழித்தாள். அவசரத்தில் அடித்தாள். எந்த அடைவுக்குள், பழைய கோப்புகள் இருந்த ஃபோல்டரிலா அன்றைய முடிவுகள் இருந்ததிலா, நின்றுகொண்டு அடித்தாள் என்பது, எவ்வளவு யோசித்தாலும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கேட்டால் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தவளை விட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

அன்றிலிருந்து முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு வராந்தாவில் போகும் ஆண்களையெல்லாம் அவள் உற்றுப் பார்ப்பாள். ஐம்பத்தாறு இருக்குமா என்று மனசு கணக்குப் போடும். ஒருவரிடம் வயதைக் கேட்டே விட்டாள். அவர் முறைத்துவிட்டுப் போனார். இப்போது அத்தானின் பெயரும் எழுந்து நடமாட ஆரம்பித்ததும், கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று அவளுக்குள் ஏதோ ஒன்று நம்பத் தொடங்கிவிட்டது. படித்தவள்தான், சர்வரைப் பிரித்து மேய்கிறவள்தான். ஆனாலும் இரண்டு மணி நெருங்கினால் வேலையை விட்டுவிட்டுப் பதிவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை பதினொன்றே காலுக்குப் பெயர் வந்தது. உள்ளே இருப்பவரின் திரைக்கு நேராக ஒரு வரி எழுதி அனுப்பும் வசதி அந்தச் சர்வரில் உண்டு. அவள் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தாள்: யாரு இது?

துணி துவைக்கும் இயந்திரங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் உருண்டுகொண்டிருந்தன. பிறகு அத்தானின் பெயருக்கு நேரே ஒரே ஒரு சொல் வந்தது.

நான்தான்.

அதோடு இணைப்பு அறுந்தது.

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே வந்து, படிக்கட்டில் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். துணி மூட்டையோடு வந்த சலவைக்காரப் பெண் தண்ணீர் கொடுத்து, காலையில் சாப்பிட்டீங்களா என்று விசாரித்தாள். அந்தச் சாதாரணக் கேள்விதான் அவளை நிலைக்குக் கொண்டுவந்தது. செத்தவர் பிரிண்டரைச் சரிபார்க்க வரமாட்டார். வருகிற ஆளுக்கு ஏதோ ஒரு வேலை ஆக வேண்டியிருக்கிறது. யார் நுழைகிறார்கள் என்று துரத்துவதைவிட, யாருக்கு என்ன வேலை ஆக வேண்டும் என்று கேட்டுப் போனால் என்ன?

மறுநாள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறினாள். புது ஏற்பாடு செய்யப்போவதாகவும், கணினி அறையை எதிர்பார்க்காமல் அவரவரே செய்துகொள்ள வேண்டிய வேலை எது என்று சொன்னால் போதும் என்றும் சொன்னாள். பாஸ்வேர்ட் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

ரத்தப் பரிசோதனைக் கூடத்து ஊழியரை எல்லோரும் லேப்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். நெடுநெடுவென்ற மனிதர், கண்ணாடி எப்போதும் நெற்றியில். பிரிண்டர் சிக்கிக்கொண்டால் திரும்ப ஓடவிடத் தெரிந்தால் போதும் என்றார். அவள் எழுதிக்கொண்டாள். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மேடம், நேத்து 'நான்தான்'னு அடிச்சது நான்தான். பயந்துபோய் வயரைப் பிடுங்கிட்டேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அத்தான் மூன்று வருஷம் முன்பே பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டாராம். பிரிண்டருக்காக ஒரு நாளைக்கு ஐந்து தடவை படியேறி மூச்சு வாங்கியதால் கொடுத்தாராம். முதலில் தேதியைப் பார், அப்புறம் எதையும் தொடு என்று சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். அவர் போனபின் தொடப் பயந்து ஏழு வாரம் இருந்துவிட்டு, பிரிண்டர் சிக்கியதும் போன செவ்வாய்க்கிழமைதான் மறுபடி உள்ளே போனாராம்.

லேப்காரர் அதோடு நிறுத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அந்தத் திங்கட்கிழமை... அந்த முடிவெல்லாம் போச்சே, அது என் கையாலதான் போயிருக்கணும் மேடம். பிரிண்டர்ல தேங்கினதை அழிக்கிறேன்னு எதையோ அழிச்சேன். அவரு என்னைக் காட்டிக்கொடுக்கல. அவரு போனப்புறம் எனக்குத் தூக்கமே இல்ல."

சின்னவள் இதை எழுதிக்கொள்ளவில்லை. நோட்டை மூடிக்கொண்டு வந்துவிட்டாள். இத்தனை நாள் தோளில் இருந்தது இறங்கிவிட்டதா என்று தொட்டுப் பார்ப்பதுபோல் மனசைத் தொட்டுப் பார்த்தாள். அந்த நிம்மதி ஒரு மாடி ஏறும்வரைதான் நின்றது. எக்ஸ்ரே பிரிவில் இருந்தவர், பழைய படங்களை அழிக்க அனுமதி வேண்டும் என்று ஆரம்பித்து, அதே திங்கட்கிழமைக்கு வந்து நின்றார். இடம் நிரம்பிவிட்டதென்று அவரும் அன்று ஒன்பதே முக்காலுக்கு உள்ளே போய் அழித்திருக்கிறார். தன்னால்தான் போயிற்று என்று அவரும் நம்பினார். மனைவியிடம்கூடச் சொல்லவில்லையாம்.

ஆக மூன்று பேர். ஒரே மணி நேரத்தில், ஒரே பெயரில், மூன்று கைகள். யாருடைய கை என்று சொல்ல அந்தச் சர்வரில் ஒரு எழுத்துக்கூட இல்லை. இனிமேல் கிடைக்கப்போவதும் இல்லை. தனக்கு விடுதலையும் இல்லை, தண்டனையும் இல்லை என்பது சின்னவளுக்கு அந்தப் படிக்கட்டில் வைத்துத்தான் புரிந்தது.

சாயங்காலத்துக்குள் நோட்டில் ஏழு பேர் சேர்ந்திருந்தார்கள்; எல்லோருக்கும் அத்தான் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் தேதிதான். பரிசோதனைக் கூடத்தில் இரண்டு பேர், எக்ஸ்ரே, மருந்துப் பிரிவு, தலைமை நர்ஸ், வெளிநோயாளிச் சீட்டு எழுதுகிறவர், அப்புறம் அவள். பதிவேட்டுப் பிரிவு மட்டும் பாக்கி. அதைக் கடைசிக்கு வைத்திருந்தாள்.

அக்கா இரும்பு அலமாரிகளுக்கு நடுவே உட்கார்ந்து பழைய சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். தங்கை நோட்டைத் திறந்ததுமே, எட்டாவதா என் பேரை எழுதிக்கோ என்றாள்.

"நீயுமா அக்கா?"

"நோயாளி பேரைத் தப்பா அடிச்சுட்டா திருத்தறதுக்கு நாலு நாள் காத்திருக்கணும். அவரு குடுத்தாரு, நான் திருத்தினேன். உசுரோட இருக்கறப்ப பண்ணினதை, போயிட்டாருன்னு அடியோட நிறுத்திடணுமா?"

சின்னவள் அலமாரி ஓரமாகத் தரையில் உட்கார்ந்தாள். ஒன்பது மாதத்தையும் கொட்டினாள். போன் வந்தது, அவசரமாக அடித்தது, சொல்லாமல் இருந்தது, ஐம்பத்தாறு வயதுக்காரர், எல்லாவற்றையும் சொன்னாள். என் பாவத்தை அவர் தன் தலையில் ஏற்றிக்கொண்டு போனார், அவ்வளவு பெரிய மனசு, நான் ஒரு வார்த்தை பேசவில்லை என்று சொல்லி முடித்தாள்.

அக்கா கையிலிருந்த சீட்டுகளை அலமாரியில் வைத்தாள்.

"பெரிய மனசெல்லாம் ஒண்ணுமில்ல. அவரு பயந்துபோய் ஏத்துக்கிட்டாரு. கைத்தவறுன்னா ஒரு பக்கம் எழுதிட்டு விட்டுடுவாங்க. பாஸ்வேர்டை எட்டுப் பேருக்குக் குடுத்தேன்னு சொன்னா அன்னைக்கே வேலை போயிருக்கும். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திட்டு அழுதாரு. யாரு அழிச்சதுன்னு அவருக்கும் தெரியாது. தெரிஞ்சுக்கவும் பயம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீயும் பயப்படணும். அதான் சொல்லல. நீ கேக்கவும் இல்லையே."

அதில் இருந்த குத்தலை இருவரும் உணர்ந்தார்கள்.

நடந்ததையெல்லாம் மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு எழுதிக் கொடுக்கப்போவதாகச் சின்னவள் சொன்னதும் அக்கா சட்டென்று மறுத்துவிட்டாள். அழித்த பழி போகும், ஆனால் ஊருக்கே சாவி கொடுத்தவர் என்ற பழி வரும். செத்த மனிதனுக்கு இரண்டாவது சிவப்புப் பக்கம் எதற்கு என்றாள். அன்று வீட்டில் பேச்சு இல்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் காலை, சின்னவள் கடிதத்தை எழுதி மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். திரும்பி வந்து பார்த்தால், எட்டுப் பேர் என்று இருந்த இடத்தில் முதல் ஆளாக அக்கா தன் கையெழுத்தைப் போட்டிருந்தாள். ஒரு திருத்தமும் செய்திருந்தாள். 'பெருந்தன்மையோடு' என்று இருந்ததை அடித்துவிட்டு, 'பயத்தினால்' என்று எழுதியிருந்தாள்.

கண்காணிப்பாளர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். கடைசியில் யார்தான் அழித்தது என்று கேட்டார். தெரியாது, இனிமேலும் தெரியாது என்றாள். அவருக்குக் கோபம் வந்தது. எட்டுப் பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் காய்ச்சினார். அவளுடைய கோப்பிலும் ஒரு பக்கம் ஏறியது. ஆனால் அவள் கேட்ட ஏற்பாட்டுக்கு அனுமதியும் கிடைத்தது.

ஏற்பாடு எளியதுதான், செய்யத்தான் பொறுமை வேண்டியிருந்தது. இனி ஒவ்வொருவரும் தங்கள் சொந்தப் பெயரில், சொந்தப் பாஸ்வேர்டில் உள்ளே வருவார்கள். அட்மின் அதிகாரம் முழுதாக யாருக்கும் கிடையாது; அவரவர் வேலைக்குத் தேவையான கட்டளைக்கு மட்டும் அந்த அதிகாரம் கடனாகக் கிடைக்கும். லேப்காரருக்குப் பிரிண்டர், அதுவும் மூன்றாம் மாடி பிரிண்டர் மட்டும். எக்ஸ்ரேக்காரருக்கு, ஒரு வருஷத்துக்கு மேல் பழைய படங்களை மட்டும் அழிக்கும் ஒரு சின்ன நிரல். அதில் வேறு எந்த அடைவையும் தொட வழியில்லை. செய்கிற ஒவ்வொன்றும் செய்தவர் பெயரோடு வேறொரு இயந்திரத்தில் பதிவாகும். மருந்துப் பிரிவுக்காரர் தன் கோப்பைத் திருத்த, எந்தக் கோப்பையும் திருத்தக்கூடிய எடிட்டர் நிரலையே அட்மின் அதிகாரத்தில் திறக்கக் கேட்டார். அவள் மறுத்தாள். எடிட்டருக்குள்ளிருந்தே வேறு கட்டளைகளை ஏவ முடியும். ஜன்னலைத் திறக்கக் கேட்டவருக்கு வீட்டையே எழுதிக் கொடுத்ததாகிவிடும். அவருக்கு அந்த ஒரு கோப்பின் நகலைத் திறந்து, திருத்தியதும் திரும்ப வைக்கும் வழியைச் செய்து கொடுத்தாள். விதிகள் எழுதிய கோப்பில் ஒரு புள்ளி பிசகினாலும் எல்லோருமே வெளியே நிற்க வேண்டிவரும் என்பதால், இன்னொரு திரையில் அட்மினாக உள்ளே இருந்துகொண்டே, ஒவ்வொரு வரியையும் சோதித்துச் சோதித்துச் சேர்த்தாள். மூன்று வாரம் ஆயிற்று. அத்தான் பெயரில் ஓடிய வேலைகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, மனிதர் யாரும் நுழைய முடியாத ஒரு கணக்குக்கு மாற்றினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அக்காவைக் கீழே வரச் சொன்னாள். அக்கா வந்து நின்றாள். உட்காரச் சொன்னதும் ஸ்வெட்டர் தொங்கிய நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். சின்னவள் பூட்டும் கட்டளையை அடித்துவிட்டு அக்காவைப் பார்த்தாள். அக்கா தலையசைத்தாள். விசையைத் தட்டியதும் எந்தச் சத்தமும் இல்லை, எந்தச் செய்தியும் இல்லை. அவ்வளவுதானா என்றாள் அக்கா. அவ்வளவுதான் என்றாள் இவள்.

அவ்வளவு இல்லை. பழக்கம் விரல்களில் இருந்தது. முதல் வாரத்தில் அத்தான் பெயர் பதினோரு முறை வாசலுக்கு வந்து, மறுக்கப்பட்டுத் திரும்பியது. பெரும்பாலும் மறதி; லேப்காரர் இரண்டு முறை வந்து மன்னிப்பே கேட்டார். அடுத்த வாரம் நான்கு முறை. அதற்கடுத்து ஒரே ஒருமுறை, ஒரு புதன்கிழமை மத்தியானம். யாரென்று அவள் விசாரிக்கவில்லை.

அப்புறம் வரவில்லை. ஒரு மாதம் பார்த்தாள். பதிவில் எட்டுப் பேருடைய பெயர்கள் வந்தன, போயின. லேப்காரர் ஒருநாள் தவறாக ஒன்றை நிறுத்திவிட்டு, அவள் பார்ப்பதற்கு முன்பே ஓடிவந்து சொன்னார். ஐந்து நிமிஷத்தில் சரியாயிற்று. எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. அத்தான் பெயரைத் தேடினால் மட்டும், ஒன்றும் இல்லை என்று சர்வர் சொன்னது.

அன்று மத்தியானம் அவள் முதல்முறையாக அவருக்காக அழுதாள். இத்தனை நாள் அழுததெல்லாம் தனக்காக என்று அப்போதுதான் தெரிந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு மேலே ஏறினாள். வராந்தாவில் ஒருவர் முழங்கையைப் பஞ்சால் அழுத்தியபடி எதிரே வந்தார். ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு இருக்கும். அவள் ஒதுங்கி அவருக்கு வழிவிட்டாள். அவர் திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பதிவேட்டுப் பிரிவின் கதவைத் தள்ளினாள். அக்கா சாப்பிடாமல் காத்திருந்தாள்.